மூழ்குமா, மிதக்குமா: நீரில் போடும் முன்பே அளந்து சொல்லும் முறை

ஒரு பொருள் நீரில் மூழ்குமா மிதக்குமா என்பதை அதன் எடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உலர்ந்த தேக்குக் கட்டை ஒரு டன் இருந்தாலும் மிதக்கிறது. ஒரு சிட்டிகை ஆற்று மணல் நேராக அடியில் போய்ப் படிகிறது. இதற்குக் காரணம் அடர்த்தி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஒரு பொருளின் அடர்த்தியைத் தம் கையால் ஒருமுறையேனும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். அளந்து பார்க்காதவரை அது வெறும் சொல்லாகவே நின்றுவிடுகிறது. அளக்கத் தெரிந்துவிட்டால், பொருளை நீரில் விடுவதற்கு முன்பே விடையைச் சொல்லலாம். எவ்வளவு பங்கு நீருக்கு மேலே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்கான வழியைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஆய்வகம் தேவையில்லை. சமையலறையில் பயன்படுத்தும் மின்னணுத் தராசு ஒன்றும், அகலமான பாத்திரம் ஒன்றும், தையல் நூலும், ஒரு நீண்ட ஊசியும் போதும்.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். அடர்த்தி என்பது நிறையைக் கனஅளவால் வகுத்தால் கிடைக்கும் எண். ஒரு மில்லிலிட்டர் இடத்தில் எத்தனை கிராம் பொருள் அடங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நீரின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1 கிராம். நம் ஊர் அறை வெப்பமான 30 டிகிரியில் அது 0.996 ஆகக் குறைகிறது. வீட்டு அளவீட்டில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆகவே நீரைப் பொறுத்தவரை கேள்வி மிக எளிது: கிராமில் சொன்ன நிறை பெரிதா, மில்லிலிட்டரில் சொன்ன கனஅளவு பெரிதா? நிறை பெரிதானால் மூழ்கும். கனஅளவு பெரிதானால் மிதக்கும்.

ஏன் இப்படி என்பதையும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பது நல்லது. பொருள் மூழ்கியிருக்கும் இடத்தில் முன்பு நீர்தான் இருந்தது. அந்த நீர் கீழே விழாமல் அங்கேயே நின்றதென்றால், சுற்றியுள்ள நீர் அதன் எடையைச் சரியாகத் தாங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். இப்போது அதே இடத்தில் கல்லோ மரமோ வந்து அமர்ந்தாலும், சுற்றியுள்ள நீர் கொடுக்கும் தாங்கல் மாறுவதில்லை; உள்ளே இருப்பது எதுவென்று அதற்குத் தெரியாது. எனவே அந்த இடத்தில் அடங்கக்கூடிய நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவே மேல்நோக்கிய மிதப்பு விசை. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் என்று நாம் படிப்பது இதைத்தான்.

இனி அளவீட்டுக்கு வருவோம். கனஅளவை அளப்பதற்கு, அளவுக்குவளையில் நீர் ஊற்றி, பொருளை உள்ளே போட்டு, நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பதே பலரும் அறிந்த முறை. எனக்கு அந்த முறையில் நம்பிக்கை குறைவு. குவளை அகலமானால் மட்டம் மிகச் சிறிதளவே ஏறும். கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தாலும் சில மில்லிலிட்டர் பிழை வந்துவிடும். அதைவிடத் துல்லியமான வழி தராசிலேயே இருக்கிறது. அகலமான பாத்திரத்தில் முக்கால் பங்கு நீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். தராசைச் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். ஓர் உருளைக்கிழங்கை நூலில் கட்டி, நூலைக் கையில் பிடித்தபடி, கிழங்கு முழுவதும் நீருக்குள் இருக்குமாறும் பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாதவாறும் தொங்கவிடுங்கள். தராசு ஓர் எண்ணைக் காட்டும். அதுதான் கிழங்கின் கனஅளவு, மில்லிலிட்டரில். நீர் கிழங்கை மேலே தள்ளும்போது கிழங்கும் நீரை அதே அளவு கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத்தான் தராசு கிராமில் காட்டுகிறது. பிறகு நூலைத் தளர்த்திக் கிழங்கை அடியில் படிய விடுங்கள். இப்போது தராசு காட்டுவது கிழங்கின் நிறை.

ஒரு பாத்திரத்திலேயே இரண்டு எண்களும் கிடைத்துவிட்டன. தொங்கும்போது 139, படிந்தபின் 150 என்று வந்தால், 150-ஐ 139-ஆல் வகுக்க 1.08 வருகிறது. உருளைக்கிழங்கின் அடர்த்தி பெரும்பாலும் இதை ஒட்டித்தான் இருக்கும். சிப்ஸ் தயாரிப்பவர்கள் கிழங்கு வாங்கும்போது இந்த எண்ணைக் கவனிக்கிறார்கள். அடர்த்தி கூடினால் மாவுச்சத்து கூடுதல், நீர் குறைவு, எண்ணெய் இழுப்பதும் குறைவு.

மிதக்கும் பொருளுக்கு இதே முறையைச் சற்றே திருப்பிப் போட வேண்டும். ஓர் ஆப்பிளை நீரில் மிதக்கவிட்டால் தராசு காட்டுவது அதன் நிறை. ஊசியின் முனையால் ஆப்பிளை மெல்ல அழுத்தி, அது முழுவதும் நீருக்குள் போன அந்தக் கணத்தில் தராசைப் பாருங்கள். அந்த எண் அதன் கனஅளவு. விரலால் அழுத்தினால் விரலின் கனஅளவும் சேர்ந்துவிடும் என்பதால்தான் ஊசி. மிதக்கும்போது 180, அழுத்தியபோது 215 என்றால் அடர்த்தி 0.84. இந்த எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு: நீரில் மிதக்கும் பொருளின் அடர்த்தி எவ்வளவோ, அதன் உடலில் அத்தனை பங்கு நீருக்குள் இருக்கும். ஆப்பிளில் 84 விழுக்காடு உள்ளே, 16 விழுக்காடு வெளியே. பனிக்கட்டியின் அடர்த்தி 0.917 என்பதால் நன்னீரில் அதன் 8 விழுக்காடுதான் மேலே தெரிகிறது, 1.025 அடர்த்தியுள்ள கடல்நீரில் மிதக்கும் பனிமலையில் ஏறக்குறைய 11 விழுக்காடு தெரியும்.

நூலில் தொங்கவிட்டு எடை காணும் இந்த முறை புதியதன்று. மன்னர் ஹியரோனின் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்பதை ஆர்க்கிமிடீஸ் வழிந்த நீரை அளந்து கண்டுபிடித்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கிலோ தூய தங்கத்தின் கனஅளவு 52 மில்லிலிட்டர். அதில் 30 விழுக்காடு வெள்ளி கலந்தால் 65 மில்லிலிட்டர். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் இந்த வேறுபாடு நீர்மட்டத்தை அரை மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. 1586-இல், 22 வயது இளைஞராக இருந்த கலிலியோ இதைச் சுட்டிக்காட்டி, நீருக்குள் தொங்கவிட்டு எடை போடும் தராசு ஒன்றை வடிவமைத்தார். நம் சமையலறை முறை அதன் நெருங்கிய உறவு. தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளியின் அடர்த்தி 10.5 என்று இரண்டும் வெகு தூரத்தில் நிற்பதால்தான் இந்தச் சோதனை பயன்படுகிறது. கல் பதித்த நகையிலும் உள்ளே பொள்ளலான நகையிலும் இது செல்லாது.

அளவீட்டைக் கெடுக்கும் சில விஷயங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதலாவது காற்றுக் குமிழ்கள். பொருளின் மேல் ஒட்டியிருக்கும் குமிழ்கள் அதன் கனஅளவைக் கூட்டிக் காட்டும். நீருக்குள்ளேயே பொருளைச் சற்று ஆட்டி, அவற்றை உதறிவிட வேண்டும். குமிழின் ஆற்றல் எவ்வளவு என்று காண விரும்பினால், சோடா நிரம்பிய கண்ணாடிக் குவளையில் நான்கைந்து உலர்திராட்சைகளைப் போடுங்கள். சுருக்கங்களில் குமிழ்கள் சேரச் சேரத் திராட்சை மேலே வரும். மேற்பரப்பில் குமிழ் உடைந்ததும் மறுபடி கீழே போகும். திராட்சையின் நிறை மாறவில்லை, அதன் கூடவே வரும் கனஅளவுதான் மாறுகிறது. இரண்டாவது, நீரை உறிஞ்சும் பொருள்கள். செங்கல், மரத்துண்டு, பஞ்சு ஆகியவை நேரம் ஆக ஆக உள்ளிருக்கும் காற்றை விட்டுவிட்டு நீரை ஏற்கும். அவற்றை விரைவாக அளக்க வேண்டும், இல்லையெனில் மெழுகு பூசி அளக்க வேண்டும். மூன்றாவது மிகச் சிறிய பொருள்கள். ஒரு கிராம் நுட்பமுள்ள தராசில் ஒற்றை நாணயத்தை அளப்பதில் பொருளில்லை. இருபது நாணயங்களைச் சேர்த்துக் கட்டி அளந்தால் நல்ல எண் கிடைக்கும்.

நான்காவதாக, அடர்த்தியோடு தொடர்பே இல்லாத ஒரு மிதப்பு இருக்கிறது. அது பலரையும் குழப்புகிறது. தையல் ஊசியைக் கிடையாக, மெதுவாக நீரின் மேல் வைத்தால் அது நிற்கும். எஃகின் அடர்த்தி 7.8-க்கு மேல், அது மிதக்கக் கூடாது. உண்மையில் அது மிதக்கவும் இல்லை. நீரின் மேற்பரப்பு இழுவிசை அதைத் தாங்கி நிற்கிறது. ஊசிக்கு அருகில் தலை தாழ்த்திப் பார்த்தால், அதன் இருபுறமும் நீரின் மேற்பரப்பு சற்றே குழிந்திருப்பது தெரியும். சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டால் ஊசி உடனே அடியில் போய்விடும். ஒரு சிறு பொருள் அடர்த்தியால் மிதக்கிறதா, மேற்பரப்பால் நிற்கிறதா என்ற ஐயம் எழும்போதெல்லாம் இந்தச் சோப்புச் சொட்டே தீர்ப்புச் சொல்லும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு, காலியான குடிநீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் உடலிலிருந்து விரல் நக அளவில் ஒரு துண்டும், மூடியிலிருந்து ஒரு துண்டும் வெட்டி, சோப்புச் சொட்டு கலந்த நீரில் அழுத்தி விடுங்கள். பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். பாட்டில் பெட் எனப்படும் பிளாஸ்டிக்; அதன் அடர்த்தி 1.38. மூடி பாலி எத்திலீனோ பாலி புரொப்பிலீனோ ஆகும். இவற்றின் அடர்த்தி 0.90 முதல் 0.96 வரை. மறுசுழற்சி ஆலைகளில் பாட்டில்களை மூடியோடு சேர்த்துத் தூளாக்கி, நீர்த்தொட்டியில் விட்டு, மேலே வருவதை ஒரு பக்கமும் கீழே படிவதை ஒரு பக்கமுமாகப் பிரிப்பது இந்த வேறுபாட்டை நம்பித்தான். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பொருள்களை நீரே பிரித்துக் கொடுக்கிறது. அடர்த்தியின் பயனைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் செலவில்லாத சான்று எனக்குத் தெரியாது.

அடுத்து, இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது என்ற கேள்வி. இதற்கும் அளவிட்டே விடை காணலாம். ஒரு ஸ்டீல் டம்ளரை எடை போடுங்கள். 70 கிராம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு வரை அது எவ்வளவு நீர் கொள்ளும் என்று அளந்தால் 220 மில்லிலிட்டர். 70 கிராம் எஃகு தானே அடைத்துக்கொள்ளும் இடம் சுமார் 9 மில்லிலிட்டர். ஆக, டம்ளர் நிமிர்ந்து விளிம்பு வரை அமிழ்ந்தால் 229 மில்லிலிட்டர் நீரை விலக்கும். அது தாங்கக்கூடிய மொத்த எடை 229 கிராம். டம்ளரின் எடை போக, உள்ளே 159 கிராம் மணல் வரை ஏற்றலாம். மணலைச் சிறிது சிறிதாக, அடியில் சமமாகப் பரப்பிப் போட்டு வந்தால், இந்த எண்ணுக்கு மிக அருகில்தான் டம்ளர் மூழ்கும். சற்று முன்னதாகவே மூழ்கினால் மணல் ஒரு பக்கம் சாய்ந்து, நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்திருக்கும். இங்கே நீரோடு ஒப்பிட வேண்டியது எஃகின் அடர்த்தியை அன்று. எஃகும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்த மொத்தத்தின் அடர்த்தியை. கப்பலுக்கும் இதே கணக்குத்தான். கப்பலின் பக்கவாட்டில் வரைந்திருக்கும் சுமைக்கோடுகளில் கடல்நீருக்கு ஒன்றும் நன்னீருக்கு ஒன்றுமாகத் தனித்தனி அடையாளங்கள் உண்டு. கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றின் வழியே கொல்கத்தா துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல், ஒரு மூட்டை சரக்கும் கூடுதலாக ஏற்றாமலேயே ஆற்றுநீரில் சற்று ஆழமாக அமிழும். நீரின் அடர்த்தி அங்கே குறைந்துவிட்டது.

இதுவரை பொருளின் பக்கத்தை மாற்றினோம். திரவத்தின் பக்கத்தையும் மாற்றலாம். நம் உழவர்களுக்குப் பயன்படும் விதைநெல் தேர்வு இதில்தான் அடங்கியிருக்கிறது என்பதால் இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

விதைநெல்லைச் சாதாரண நீரில் கொட்டினால் பதர் மேலே வந்துவிடும். ஆனால் பாதி மட்டுமே பால் பிடித்த அரைக்கருக்காய் நெல்லின் அடர்த்தியும் நீரைவிடச் சற்று அதிகம் என்பதால், அது நல்ல மணிகளோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். அதையும் பிரிக்க வேண்டுமானால், அரைக்கருக்காய்க்கும் முற்றிய மணிக்கும் இடைப்பட்ட அடர்த்தியுள்ள திரவம் வேண்டும். உப்புநீர் அதைத் தருகிறது. எவ்வளவு உப்பு போட வேண்டும் என்பதைக் காட்டும் கருவி ஒரு கோழிமுட்டை. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் நீர் எடுத்து, அன்று இட்ட முட்டை ஒன்றை மெதுவாக உள்ளே விடுங்கள். அடியில் கிடையாகப் படுத்துக்கொள்ளும். கல்லுப்பை ஒவ்வொரு கையாகப் போட்டு, நன்றாகக் கலக்கி, உப்பு முழுவதும் கரைந்தபின் முட்டையைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். முதலில் அது அடியை விட்டு எழும்; பிறகு நடுநீரில் தயங்கி நிற்கும்; அதன்பின் மேற்பரப்புக்கு வந்து, ஒரு நாணய அளவு வட்டமாகத் தலைகாட்டும். அந்த வட்டம் சுமார் 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வந்தவுடன் உப்பு போடுவதை நிறுத்திவிடலாம். 10 லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பு ஆகியிருக்கும். அந்தக் கரைசலின் அடர்த்தி 1.09-ஐ ஒட்டியிருக்கும். கல்லுப்பில் ஈரம் கூடக்குறைய இருக்கும் என்பதால் எடையைவிட முட்டையை நம்புவதே சரி.

முட்டை புதியதாக இருக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முட்டை ஓட்டில் நுண்துளைகள் இருக்கின்றன; நாள் ஆக ஆக அவற்றின் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாகிறது. ஓட்டின் கனஅளவு அப்படியே இருக்க, நிறை மட்டும் குறைந்துகொண்டே போகிறது. புதிய முட்டையின் அடர்த்தி 1.08 அளவில் இருக்கும். பல வாரம் ஆன முட்டை சாதாரண நீரிலேயே மிதந்துவிடும். பழைய முட்டையை வைத்துக் கரைசல் தயாரித்தால் உப்பு போதாமலேயே அது தலைகாட்டும். கரைசல் தயாராகிவிட்டது என்று நினைத்து விதையைக் கொட்டினால், கழிக்க வேண்டிய அரைக்கருக்காயெல்லாம் நல்ல விதையோடு நாற்றங்காலுக்குப் போய்விடும்.

கரைசல் தயாரானதும் முட்டையை எடுத்துவிட்டு, விதைநெல்லைச் சிறு சிறு பகுதியாகக் கொட்டி, கையால் நன்றாகக் கிளறிவிட வேண்டும். நெல்லின் மேல் உள்ள சொரசொரப்பில் காற்று ஒட்டிக்கொண்டிருப்பதால், கிளறாவிட்டால் நல்ல மணியும் மிதந்து வீணாகும். மேலே வந்ததை வடிகட்டியால் அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை உடனே வடித்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்புத்திறன் கெடும். விதையை உப்புநீரிலேயே ஊறவிடக் கூடாது. ஒவ்வொரு பகுதி விதை போட்டு எடுத்த பின்னும் முட்டையை மறுபடி விட்டுப் பார்ப்பது நல்லது. வட்டம் சிறுத்திருந்தால் இன்னும் ஒரு கை உப்பு சேர்க்கலாம்.

முட்டைக்குப் பதிலாக அளவுகோடுகள் உள்ள கருவி வேண்டுமானால், ஹைட்ரோமீட்டர் எனப்படும் நீர்மமானியை வீட்டிலேயே செய்யலாம். ஒரே சீரான பருமன் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்றின் அடியை உருகிய மெழுகால் அடைத்து, உள்ளே சிறிய ஆணிகளை இட்டு, நீரில் நிமிர்ந்து மிதக்குமாறும் சரியாக 100 மில்லிமீட்டர் அமிழுமாறும் எடையைச் சரிசெய்யுங்கள். எடையைக் குழலுக்கு வெளியே ஒட்டினால் பருமன் மாறிவிடும். உள்ளேதான் வைக்க வேண்டும். இனி எந்தத் திரவத்தில் விட்டாலும், 100-ஐ அமிழ்ந்த நீளத்தால் வகுத்தால் அதன் அடர்த்தி கிடைக்கும். விதைநெல் கரைசலில் இது 92 மில்லிமீட்டர் அளவில் நிற்க வேண்டும். பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768-இல் வகுத்த அளவுகோல் கொண்ட நீர்மமானிகள் உப்பளங்களில் இன்றும் புழங்குகின்றன. கடல்நீர் அந்த அளவில் 3 முதல் 3.5 டிகிரி காட்டும். வெயிலில் சுண்டிச் சுண்டி ஏறத்தாழ 25 டிகிரியை, அதாவது 1.21 அடர்த்தியைத் தொடும்போது உப்பு படியத் தொடங்குகிறது.

நீங்கள் செய்த குழல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் உப்பே உதவும். 200 மில்லிலிட்டர் நீரில் 80 கிராம் உப்பைப் போட்டுக் கலக்கினால் ஒரு பகுதி கரையாமல் அடியில் தங்கும். மேலே நிற்பது நிறைவுற்ற கரைசல், அதன் அடர்த்தி 1.20. அதை வேறு குவளைக்கு வடித்துக் குழலை விட்டால் 83 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். அதைவிட ஆழமாக அமிழ்ந்தால், கலக்கியது போதவில்லை என்று கொண்டு மீண்டும் கலக்கிப் பாருங்கள். அதன் பிறகும் மாறாவிட்டால் குழலின் பருமன் சீராக இல்லை என்று பொருள். வேறு குழல் எடுத்துச் செய்வதே நல்லது.